மொட்டை டயருக்குப் போட்ட பூஜை

பிள்ளைகளா, இதை உங்கள் இருவருக்காகவும்தான் எழுதுகிறேன். பெரியவளே, நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். சின்னவளே, உனக்கு ஒன்றுமே தெரியாது. அன்றைக்கு நீ அம்மாவோடு வீட்டில் இருந்துவிட்டாய். இப்போது நானும் அக்கா மாதிரி டிராக் சைக்கிள் ஓட்டப் போகிறேன், எனக்கு எந்த டயர் வாங்கித் தருவாய் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். டயர் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கூட்டாளிகள் படித்துவிட்டுக் கிண்டல் செய்யக் கூடாது என்று யார் பெயரையும் போடவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜை முடிந்த மறு வாரம் நடந்தது. நம் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் கொஞ்ச தூரம் போனால் ஒரு சைக்கிள் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே ஒரு வெலோட்ரோம் உண்டு. பெரிய சிமெண்ட் கிண்ணத்தை நீள்வட்டமாக இழுத்து வைத்தது போல இருக்கும். வளைவுகளில் தரை சுவர் மாதிரி சாய்ந்து நிற்கும். அதில் ஓட்டும் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பெடலும் சக்கரமும் ஒன்றோடொன்று கட்டினது மாதிரி. சக்கரம் சுற்றும் வரை காலும் சுற்றித்தான் ஆக வேண்டும். தங்கிப் படித்துப் பயிற்சி எடுக்க, பெண் பிள்ளைகளுக்கு அந்த வருடம் ஒரே ஒரு இடம்தான் காலி. அதற்கான தேர்வுக்குப் பெரியவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த இடத்துக்காக அவள் எத்தனை விடியற்காலைகள் கெலமங்கலம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே மிதித்தாள் என்று எனக்குத் தெரியும். பின்னாலேயே பைக்கில் போனவன் நான்தானே.

அவளுடைய டிராக் சைக்கிள் யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்தது. டயர் இரண்டும் வெடித்துப் போயிருந்தன. புதிது வாங்க வேண்டும். இந்த ஒரு வேலையாவது எனக்குத் தெரிந்த வேலை என்று நினைத்தேன். நான் இருப்பது இருசக்கர வண்டிக் கம்பெனியில், வீல் லைனில். ரிம்மில் டயரை மெஷின் ஏற்றும். சீராக உட்கார்ந்ததா, காற்று நிற்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. டயரைப் பற்றி எனக்கு யார் சொல்ல வேண்டும்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் பாயிடம் போனோம்.

“பாய், டிராக் சைக்கிளுக்கு டயர் வேணும். நல்லா பட்டன் இருக்கறதா பாத்துக் குடுங்க.”

“டிராக்குக்கா? அதுக்குப் பட்டனே இருக்கக் கூடாதே.”

“பட்டன் இல்லன்னா அது மொட்டை டயர் பாய். மொட்டை டயர்ல வண்டி ஓட்டினா போலீஸ்காரன் ஃபைன் போடுவான். நீங்க அதையே புதுசுன்னு விக்கிறீங்களா?”

“அந்த டிராக்ல ஏறி வந்து ஒரு போலீஸ்காரர் உங்க பொண்ணப் புடிக்கட்டும், ஃபைன நான் கட்டுறேன்” என்று சிரித்தார் பாய்.

பெரியவளும் அவரோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு பாய் பொறுமையாகச் சொன்னார். ரோட்டில் தண்ணீர் நிற்கும், மணல் கிடக்கும், மண் பாதை வரும். அங்கேதான் டயர் மேல் மேடும் பள்ளமுமாக அந்தப் பட்டன் வேண்டும். காய்ந்த சிமெண்ட்டில் ரப்பர் முழுசாகத் தரையைத் தொட வேண்டும், நடுவில் பள்ளம் இருந்தால் தொடுகிற இடம் குறையும். வழவழப்பான, ஒல்லியான டயர். அதில் கல்லு மாதிரி காற்று. அதுதான் சரி என்றார். பெரியவளும் அதையே சொன்னாள். வாங்கிவிட்டேன்.

ஆனால் மனது ஒப்பவில்லை. பிரேக்கும் கிடையாது, பட்டனும் கிடையாது, சுவர் மாதிரி சரிவு. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து யாருக்கும் சொல்லாமல் அதே கடைக்குப் போய், ரோட்டுக்கு என்று பொய் சொல்லி, பட்டன் டயர் ஒரு ஜோடியும் வாங்கிப் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

அந்த வாரம் முழுக்க லைனில் எனக்கு வேலை ஓடவில்லை. எந்தச் சக்கரம் வந்தாலும் கட்டை விரலை டயர் மேல் வைத்து அழுத்தி இழுத்துப் பார்ப்பேன். சுத்தமான ரப்பர் விரலைப் பிடித்து நிறுத்தும். அது நிறுத்தினால் கொஞ்சம் நிம்மதி; அடுத்த சக்கரம் வந்ததும் திரும்ப அதே பயம். பக்கத்தில் நிற்கும் என் கூட்டாளி பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்னய்யா, பொண்ணு டிராக்ல சுத்தப் போறா, நீ இங்கயே நின்ன எடத்துல சுத்தற?”

விஷயத்தைச் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

“புது டயருக்குப் பூஜை போட்டியா?”

போடவில்லை. டயர் வந்ததே ஆயுத பூஜை முடிந்த பிறகுதான். எங்கள் பக்கத்தில் ஸ்பேனர்கூடச் சந்தனம் குங்குமம் வைக்காமல் ஒரு வருடத்தை ஓட்டாது. கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கும் வாழைக்கன்று கட்டி, வண்டிகளைத் துடைத்து, டயருக்குப் பாலிஷ் போட்டுக் கறுகறுவென்று நிறுத்தியிருந்தோம். என் பிள்ளை உயிரை வைத்து ஓட்டப் போகும் டயர் மட்டும் பூஜை இல்லாமல் நிற்கிறது! இது தோன்றியதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூட்டாளி பூஜைக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த பாலிஷ் பாட்டிலைக் கொடுத்தான்.

“தடவிப் பாரு, கண்ணு கூசும்.”

தேர்வுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. பெரியவள் டியூஷன் போயிருந்த சாயங்காலம், சைக்கிளைக் கழுவி, புது டயரை ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து, பாலிஷ் போட்டேன். பைக் டயருக்குப் பக்கவாட்டில் மட்டும்தான் பாலிஷ் போடுவோம். இதுவோ விரல் கனத்துக்கு இருக்கிறது. பக்கம் எது, தரையில் படுவது எது? முழுக்கவே தடவிவிட்டேன். ஒரு முறை போதாது என்று இரண்டாம் முறையும் தடவினேன். பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன்.

உங்கள் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “பிரேக் இல்லாத வண்டிக்கு ஒரு கூடை எலுமிச்சம்பழம் வெச்சாலும் பத்தாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பினோம். சக்கரங்களைக் கழற்றி, பாலிஷ் கெடாமல் பழைய சேலையில் சுற்றிப் பையில் வைத்தேன். பெரியவள் சைக்கிள் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்தாள். வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

அங்கே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஓட்ட வேண்டியது இரண்டு சுற்று. அதற்கு முன்னால் உடம்பைச் சூடேற்ற மெதுவாகச் சுற்றச் சொன்னார் கோச். கன்னடக்காரர், நடுநடுவே மரியாதைக்கு ‘ரீ’ போட்டுத் தமிழும் பேசுவார். சக்கரங்களை மாட்டியதும் பெரியவள், “சூப்பரா மின்னுதுப்பா” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் சுற்று கீழேயே ஓட்டினாள். இரண்டாவது சுற்றில் வளைவில் கொஞ்சம் மேலே ஏறினாள். நான் உள்பக்கப் புல்தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சக்கரம் ஒரு சாண் கீழே வழுக்கியது. கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. அவள் உடம்பு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். எப்படித்தான் சமாளித்தாளோ, கைப்பிடியை நேராக்கிக் கீழே இறங்கி, வேகத்தைக் கொன்று என்னிடம் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அப்பா, டயர் தரையில நிக்கல. வழுக்குது.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். “நான் கடையிலயே சொன்னேனா இல்லியா? மொட்டை டயர் வேணாம்னு? பாயும் நீயும் சேந்து சிரிச்சீங்க.” பையைக் கவிழ்த்துப் பட்டன் டயர்களை வெளியே எடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்பா தன்னை ஒருபோதும் நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட பார்வை. சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

நான் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். நட்டு கழலவில்லை. கோச் தூரத்திலிருந்து பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்தில் ஒரு அம்மா தன் மகளுக்கு ஷூ லேஸ் சரி பார்த்துக்கொண்டிருந்தார். பாகலூர் பக்கம், ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், வீட்டில் தெலுங்கு. அவர் மகளும் அதே இடத்துக்குத்தான் வந்திருந்தாள். காலையிலிருந்து பார்த்ததில், பெரியவளுக்குச் சரியான போட்டி அந்தப் பெண்தான். ஊர், வேலை எல்லாம் பிறகு பேசித் தெரிந்துகொண்டது. அப்போது அவர் எழுந்து வந்து, சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

“ஏமண்ணா, பூஜையா?”

“ஆமாங்க.”

அவர் டயரை விரலால் ஒரு இழு இழுத்தார். விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நுனியில் கறுப்பு. முகர்ந்து பார்த்தார்.

“ஐயோ ராமா! டயருக்கு எண்ணெய் தேய்ச்சுத் தீபாவளிக் குளியல் போட்டீங்களா?”

“எண்ணெய் இல்லீங்க, பாலிஷ். டயருக்கு நல்லதுதானே...”

“பாக்குற கண்ணுக்கு நல்லது. ஏறுற பொண்ணுக்கு?” தன் மகளைக் கூப்பிட்டு அவள் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். நீளமாக ஒரு தழும்பு. “எங்க வீட்லயும் இதே கூத்துதான். இவங்கப்பா போன வருஷம் பூஜைக்குப் பாலிஷ் அடிச்சு அனுப்பினாரு. இதே வளைவு. கீழ வரைக்கும் தோல் உரிஞ்சுக்கிட்டே வந்தா. அப்பவும் இதே மாதிரி தேர்வுதான். போச்சு.”

நான் கையில் இருந்த பட்டன் டயரைக் காட்டினேன். “அப்ப இதை மாட்டிடறேன்.”

“அது இன்னொரு தப்பு. டயர் நல்ல டயர்தான் அண்ணா. மேல பூசினதை எடுங்க.”

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். கொரோனா சமயத்தில் கை கழுவ வாங்கியது, தண்ணீர் மாதிரி, ஸ்பிரிட் வாசனை அடித்தது. நான் சக்கரம் சுற்றி வந்த சேலையைக் கிழித்தேன். அவர் முன்சக்கரம், நான் பின்சக்கரம். தேய்க்கத் தேய்க்கத் துணியில் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. என் சாமர்த்தியம் எல்லாம் அந்தத் துணியில் ஏறுவது போல இருந்தது. நடுவில் அவர் மகள் வந்து, “அம்மா, என்னைக் கூப்பிடப் போறாங்க” என்றாள். அவர் தலை நிமிராமல், “நுவ்வு போ, நேனு ஒஸ்தா” என்றார். நீ போ, நான் வருகிறேன் என்று அர்த்தம். ஓசூரில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு அது புரியாதா? அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது.

“நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“நீங்க பாத்ததுதானே இப்படி மின்னுது” என்றார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

துணியில் கறுப்பு நின்ற பிறகு கட்டை விரலை வைத்து இழுத்தேன். விரல் நகரவில்லை. கீச்சென்று சத்தம் வந்தது. வாரம் முழுக்க லைனில் எத்தனை டயரை அப்படி இழுத்துப் பார்த்தேன்! என் பிள்ளையின் டயரை மட்டும் பாலிஷ் போட்ட பிறகு இழுத்துப் பார்க்கவில்லை. அழகாக இருந்ததே, அதனால்தான்.

பெரியவளைக் கூப்பிட்டு, வண்டிகள் நிற்கும் தார்த் தரையில் நாலு சுற்று ஓட்டச் சொன்னார் அந்த அம்மா. ஓட்டி வந்தபோது டயரில் மினுமினுப்பே இல்லை, சாம்பல் பூத்தது போல மங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் மகளிடம் ஓடினார். அவள் ஏற்கெனவே கோட்டருகே நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண் நன்றாக ஓட்டினாள். அதற்கு அடுத்தது பெரியவள்.

அங்கே கிளம்பும்போது பின்னால் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓட்டுகிறவரின் கால் இரண்டும் பெடலில் பூட்டியிருக்கும். பிடிக்கிறவர் முந்தி விட்டால் ஓட்டுகிறவர் விழுந்துவிடுவார், தள்ளினால் தேர்வு செல்லாது. “யாரு புடிக்கிறது?” என்றார் கோச். பெரியவள் என்னைப் பார்த்தாள்.

“கண்ணு, இன்னிக்கு வேணாம். வீட்டுக்குப் போயிடலாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

“டயர் இப்ப ஒட்டுதா இல்லியா? அதை மட்டும் சொல்லுப்பா.”

“ஒட்டுது.”

“அப்ப புடி.”

பிடித்தேன். சீட்டுக்குக் கீழே ஒரு கை, அவள் இடுப்புப் பக்கம் ஒரு கை. கோச் என்னிடம், “தள்ளக் கூடாது ரீ, இழுக்கவும் கூடாது. சும்மா விட்டுடணும்” என்றார். உலகத்தில் எவ்வளவோ கஷ்டமான வேலை பார்த்திருக்கிறேன். சும்மா விடுவதுபோல ஒரு கஷ்டத்தைப் பார்த்ததில்லை. விசில் சத்தம் கேட்டது. என் விரல்கள் தானாகத் திறந்தன. கையில் அவளுடைய சூடு மட்டும் இருந்தது; அவள் இல்லை.

முதல் வளைவு வருகிறது. நான் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தேன். விழும் சத்தம் கேட்குமா என்று காது மட்டும் அங்கே இருந்தது. டயர் சிமெண்ட்டில் உரசும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் அறுபடாமல் ஒரே சீராக வந்தது. வளைவு முழுக்க அப்படியே வந்தது. அப்போதுதான் நிமிர்ந்தேன். அவள் எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தாள், குனிந்த முதுகு மட்டும் தெரிந்தது. அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, “ஏறு, ஏறு பாப்பா!” என்று என் பிள்ளைக்காகக் கத்திக்கொண்டிருந்தார்.

இடம் அந்த அம்மாவின் மகளுக்குக் கிடைத்தது. பெரியவள் இரண்டாவது. வித்தியாசம் மிகக் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து பயிற்சி எடுத்துக்கொள்ளட்டும் என்று கோச் சொன்னார். அதைத்தான் அவள் இன்று வரை செய்துகொண்டிருக்கிறாள். அழுவாள் என்று பயந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, “அவளோட டயர் என்ன டயர்னு கேட்டியாப்பா?” என்றாள். பிறகுதான் கொஞ்ச நேரம் என் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் போனேன். “உங்க பொண்ணுகூட இருக்க வேண்டிய நேரத்துல எங்களுக்காக உக்காந்தீங்க. அவளுக்குப் போட்டின்னு தெரிஞ்சும்...”

அவர் டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திக்கொண்டே சொன்னார். “என்னை நல்லவள்னு நெனச்சுக்காதீங்க அண்ணா. உங்க பொண்ணு வழுக்கி விழுந்து எம்பொண்ணு ஜெயிச்சிருந்தா, தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா என்னைத்தான் புடுங்குவா. அந்தத் தொல்லை எனக்கெதுக்கு? ரெண்டும் மேல ஏறி ஓட்டட்டும். எவ முந்தறாளோ முந்தட்டும்.”

மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. பிறகு சில ஞாயிறுகளில் தூரத்தில் பார்த்திருக்கிறேன். கை தூக்குவார், நானும் தூக்குவேன்.

பெரியவளே, உனக்குத் தெரியாத பாதி இதுதான். அடுத்த ஞாயிறு உன்னைப் பயிற்சிக்கு விட்டேன் அல்லவா? நீங்கள் எல்லோரும் முடித்துவிட்டுச் சாப்பிடப் போன பிறகு, நான் செருப்பைக் கழற்றிவிட்டு, நீ வழுக்கிய வளைவில் ஏறினேன். எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. நாலு அடி ஏறி நின்றேன். நிற்க முடியவில்லை. சிமெண்ட் சொரசொரப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் உடம்பு கீழேயே போகிறது. கையை ஊன்றினேன், அப்போதும் சறுக்கியது. உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தேன், பேண்ட் பின்பக்கம் தேய்ந்துவிட்டது. அந்தச் சரிவில் நிற்கிறவனுக்கு இடம் கிடையாது, வேகமாகப் போகிறவளைத்தான் அது தாங்கும் என்று என் உடம்புக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நானோ அத்தனை நாளும் உன்னை அங்கே பத்திரமாக நிறுத்தி வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து பார்த்தால், சிமெண்ட்டில் என் பாதம் பட்ட இடமெல்லாம் புல்தரை மண் ஒட்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு நீங்கள் திரும்ப ஏறுவீர்களே. கைக்குட்டையை நனைத்து, மண்டி போட்டு, கைக்கு எட்டின உயரம் வரை ஒவ்வொரு அடியாகத் துடைத்தேன். காய்ந்ததும் கட்டை விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன், பிடித்தது. இப்போதும் எனக்குப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அப்பனால் செய்ய முடிவது அவர்கள் போகும் தரையைச் சுத்தம் செய்து வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொள்வதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.